ஆற்றடிப் பொன்னும் அப்பாவின் கல்லும்

துறையின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டி மாணவர் இருவர் எம் அறைக்கு வந்தனர். ‘சங்க இலக்கியத்தில் முத்து’ என்னும் தலைப்பில் எழுதித் தருமாறு கேட்டனர். அவர்கள் அவ்வாறு கேட்டதில் வியப்பில்லை. எம் இளமுனைவர் பட்ட ஆய்வு அப்பொருள் பற்றியதே. கொற்கை முத்தைப் பற்றி வகுப்பறையில் யாம் பேசாத பருவமும் இல்லை. ஆயினும் இம்முறை அத்தலைப்பில் எழுத எம் மனம் ஒப்பவில்லை. அதற்குரிய காரணம் கொற்கையில் பிறந்ததன்று. கடல் பல கடந்து, அமெரிக்க நாட்டின் கலிபோர்னிய மாநிலத்தில், மலையிலிருந்து இறங்கி ஓடும் ஓர் ஆற்றுக்குள் பிறந்தது. அங்கே தேடப்பட்டது முத்தும் அன்று; பொன். அதனை எழுதுவதே இப்போதைக்கு எம் கடன் எனக் கருதுகிறோம்.

எம் தங்கை தம் கணவருடன் அம்மாநிலத் தலைநகராகிய சாக்ரமெண்டோவில் வாழ்கிறார். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அவரது பேறுகாலத்தை ஒட்டி உம்மாவை அங்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு எமக்கு வாய்த்தது. மூன்று வார விடுப்பு. வீட்டில் பெண்டிர்க்கு வேலை மிகுதி. எமக்கோ வேலையே இல்லை. எம் நிலை கண்டு இரங்கிய மைத்துனர், விடுமுறை நாளொன்றில் எம்மைக் கொலோமா என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார்.

அமெரிக்கன் ஆற்றின் தென்கிளைக் கரையில் அமைந்த அவ்வூர் உலக வரலாற்றில் இடம்பெற்ற ஊர். 1848 ஜனவரி 24 அன்று, ஜான் சட்டர் என்பவருக்காக மரமறுக்கும் ஆலையொன்றைக் கட்டிவந்த ஜேம்ஸ் மார்ஷல், ஆலையிலிருந்து நீர் வெளியேறும் கால்வாயின் அடியில் மின்னிய துணுக்குகளைக் கண்டார். கலிபோர்னியப் பொன்வேட்டையின் தொடக்கம் அதுவே. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் அம்மாநிலத்தில் வந்து குவிந்தனர். தலைமுறை தலைமுறையாக அவ்வாற்றங்கரையில் வாழ்ந்திருந்த நிசெனான் பழங்குடியினர் நிலமிழந்து நிலைகுலைந்தனர். சட்டரின் நிலங்களும் வந்தேறியோர் கையில் சிக்கி அழிந்தன. பொன்னைக் கண்ட மார்ஷலோ 1885இல் வறியவராகவே மறைந்தார். யூப்ரடீஸ் ஆறு பொற்குவியலை வெளிப்படுத்தும் காலம் வரும் என்றும், அங்கிருப்பவர் அதிலிருந்து எதையும் எடுக்க வேண்டா என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது அக்கரையில் நின்றபோது எம் நினைவுக்கு வந்தது.

தட்டில் மண்ணை அரித்துப் பொன்னெடுத்த காலம் விரைவில் முடிந்தது. பீரங்கி போன்ற குழாய்களால் நீரைப் பீய்ச்சி மலைகளையே கரைக்கத் தொடங்கினர். கரைந்த மண் யூபா ஆற்றின் படுகையை மேடாக்கி, கீழ்நிலத்து வயல்களையும் ஊர்களையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது. உழவர் தரப்பு வழக்குத் தொடுக்க, 1884இல் நீதிபதி லாரென்சோ சாயர் அதற்குத் தடை விதித்தார். நுண்பொன்னைப் பிடிப்பதற்காக ஊற்றிய பாதரசம் இன்றும் ஆற்றடியில் தங்கி, மீன்களின் உடலில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆற்றடி மண்ணை எந்திரத்தால் உறிஞ்சி வடிக்கும் முறை பின்னாளில் பரவியது. அதனையும் 2009இல் கலிபோர்னிய அரசு நிறுத்திவைத்தது.

இங்ஙனம் எந்திரங்கள் ஒவ்வொன்றாக ஆற்றைவிட்டு வெளியேறிய பின்னும் ஆற்றில் எஞ்சியிருப்போர் சிலர் உளர். முகத்தில் ஒரு கண்ணாடி, வாயில் ஒரு மூச்சுக்குழல், கையில் சில சிறு கருவிகள். இவ்வளவே அவர்தம் முதல். ஆற்றில் குப்புறப் படுத்து, அடிப்பாறையின் வெடிப்புகளைத் துழாவிப் பொன்னெடுப்பர். இதனை ‘ஸ்னைப்பிங்’ என்று அவர்கள் வழங்குகின்றனர். மைத்துனரோடு பணியாற்றி ஓய்வு பெற்ற எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் இக்கலையில் வல்லவர். அவரைக் காண்பதற்காக அடுத்த கிழமை 49ஆம் எண் நெடுஞ்சாலை வழியே மலையேறினோம். பொன்வேட்டையர் திரண்ட 1849ஆம் ஆண்டை நினைவூட்டுவதற்காக அச்சாலைக்கு அவ்வெண்ணை இட்டனராம்.

யூபா ஆற்றின் வடகிளையில் வந்து கலக்கும் ஓர் ஓடை. அதில் ஒரு சிறு பகுதிக்குரிய கனிம உரிமையை அப்பெரியவரும் அவர் நண்பர்களும் முறைப்படி பதிந்து வைத்திருந்தனர். நினைத்தவர் நினைத்த இடத்தில் இறங்கித் தோண்டுதல் அங்கு ஆகாது. பிறர் உரிமைப் பகுதியில் கை வைப்பது திருட்டுக்கு ஒப்பானது. கொலோமா போன்ற அரசுப் பூங்காக்களில் வெறுங்கையும் அரிதட்டும் மட்டுமே ஆகும்.

பெரியவர் தம் கருவிகளைப் பாறைமேல் ஒழுங்காகப் பரப்பி வைத்தார். முனையை வளைத்துத் தீட்டிய பழைய திருப்புளிகள் மூன்று, முழ நீளக் கடப்பாரை ஒன்று, சிறு சுத்தியல், சாமணம், பிதுக்கிவிட்டால் நீரோடு மணலையும் உறிஞ்சிக்கொள்ளும் மெல்லிய குப்பி, கண்டெடுத்ததை இட்டுவைக்க மூடியுள்ள கண்ணாடிச் சிமிழ். ஆகஸ்டிலும் அந்நீர் எலும்பைத் துளைக்கும் குளிர்ச்சி உடையதாதலின், உடலை ஒட்டிய ரப்பர் உடை அணிந்திருந்தார். அவ்வுடை ஆளை மிதக்கச் செய்யும். எனவே ஈயக் கட்டிகள் கோத்த பட்டையொன்றை இடுப்பில் கட்டியிருந்தார். இடர் நேர்ந்தால் ஒரே இழுப்பில் அது கழன்று விழவேண்டும் என்று கூறி, இருமுறை கழற்றியும் காட்டினார். தனியே இறங்கலாகாது என்பதும், அசையக்கூடிய பாறையின் அடியில் கையை நுழைக்கலாகாது என்பதும் அவர் எமக்கு முதலில் ஓதிய பாடங்கள்.

பின்னர் அவர் ஆற்றை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். ‘வாசித்தல்’ என்ற சொல்லை அவரே ஆண்டார். பொன்னின் ஒப்படர்த்தி 19.3, மணலின் பெரும்பகுதியாகிய படிகக் கல்லினது 2.65. அஃதாவது, ஒரே பருமனுள்ள மணலைவிடப் பொன் ஏழு மடங்கு கனமுடையது. பெருவெள்ளம் அனைத்தையும் உருட்டிச் செல்லும் போதுதான் பொன்னும் நகரும்; வெள்ளத்தின் வேகம் தளரும் இடத்தில் முதலில் படிவதும் அதுவே. ஆறு வளையுமிடத்தில் வளைவின் உட்புறம், பெரும்பாறையின் பின்புறம், ஒடுங்கி வந்த நீர் திடீரென அகலும் இடம் ஆகியவற்றில் அது தங்கும். தங்கியபின் ஒவ்வொரு வெள்ளத்தின் அதிர்விலும் சரளைக்குள் சிறிது சிறிதாகக் கீழிறங்கி, அடிப்பாறையைத் தொட்டபின்னரே ஓயும். அப்பாறையில் நீரோட்டத்துக்குக் குறுக்காக வெடிப்புகள் ஓடுமாயின், அவை அம்மியில் கொத்திய பள்ளங்கள்போல நின்று பொன்னைப் பிடித்துக்கொள்ளும்.

“பொன்னைத் தேடாதீர்கள், பொன்னோடு சேரும் பொருள்களைத் தேடுங்கள்” என்றார் பெரியவர். கரிய இரும்பு மணல், துருப்பிடித்த ஆணி, வேட்டையர் சுட்ட ஈயக் குண்டு, தூண்டிற்காரர் தொலைத்த ஈயக் கட்டி ஆகியவை கனமானவை. அவற்றைக் கொண்டுவந்து போட்ட வெள்ளம் பொன்னையும் அங்கேயே போட்டிருக்கும். துருவேறிய ஆணி கிடக்கும் வெடிப்பைக் கண்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். மேலே நின்று பார்ப்பவர்க்கு அஃது ஒரு குப்பை. ஆற்றை வாசிக்கத் தெரிந்தவர்க்கோ அதுவே முதல் அடையாளம்.

இனி எம் நிலையைக் கூற வேண்டும். யாம் பிறந்தது கீழக்கரை. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல். ஆயினும் யாம் நீச்சல் அறியோம். அதற்குக் காரணம் எம் பாட்டியார். பாட்டனாரை எம் ஊர் வழக்கப்படி ‘அப்பா’ என்றழைப்போம். அவ்வப்பா இளமையில் கடலில் மூழ்கித் தொழில் செய்தவர். நீரின் அழுத்தத்தால் செவிப்பறை கிழிந்து, நடுவயதுக்குள் இரு காதும் கேளாமற் போயின. “கடல் ஒங்க அப்பாட காதத் தின்னது போதும்” என்று சொல்லி, பேரப்பிள்ளைகள் ஒருவரையும் பாட்டியார் முழங்காலளவு நீருக்குமேல் விட்டாரில்லை. நாற்பத்தைந்து வயதில் மூச்சுக்குழலைக் கவ்விக்கொண்டு இடுப்பளவு நீரில் நின்றபோது, உள்ளபடியே எம் கால்கள் நடுங்கின. அதற்குக் குளிர் மட்டும் காரணமன்று.

பெரியவர் எம் இடுப்புப் பட்டையைப் பற்றிக்கொள்ள, முகத்தை நீரில் அமிழ்த்தினோம். முதற்சில நொடிகள் எம் மூச்சின் ஒலியே இடிபோல் கேட்டது. பின்னர் அது சீர்ப்பட்டது. கண்ணெதிரே, மேலிருந்து பார்த்தபோது வெறும் பச்சை அலையாகத் தோன்றிய ஓடை, தெள்ளத் தெளிந்த ஓர் அறையாக விரிந்தது. அடிப்பாறையின் வரிகள், அவற்றிடையே இறுகிய சரளை, பாசியின் வேர், எம் விரலை முகர வந்த சிறுமீன் அனைத்தும் புலப்பட்டன.

பெரியவர் ஒரு வெடிப்பைக் காட்டினார். அதிலிருந்த கல்லைக் கடப்பாரையால் நெம்பி அகற்றினார். திருப்புளியின் வளைந்த முனையால் உள்ளே இறுகியிருந்த மண்ணைக் கீறினார். கலங்கல் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படும் வரை காத்திருந்தார். பிறகு விசிறிபோல் கையை மெல்ல அசைத்தார். மணல் எழுந்து பறந்தது. மீண்டும் கீறல், மீண்டும் காத்திருத்தல், மீண்டும் விசிறல். விரைவு என்பது அத்தொழிலில் அறவே இல்லை. ஒரு முழ வெடிப்பைத் துப்புரவு செய்ய ஒரு மணி நேரம் ஆயிற்று.

இடையே மஞ்சளாய் ஒன்று பளிச்சிட, ஆவலோடு விரலை நீட்டினோம். பெரியவர் தலையசைத்து மறுத்து, அதன்மேல் தம் கையின் நிழலை விழச் செய்தார். பளபளப்பு மறைந்தது. காக்காய்ப்பொன் அது. விசிறியதும் மணலோடு பறந்தோடியது. உண்மைப் பொன் நிழலிலும் தன் நிறம் மாறாது; விசிறினாலும் இடம் பெயராது. சிறிது நேரத்தில் வெடிப்பின் அடிமூலையில் மங்கலான மஞ்சள் நிறத்தில் ஒன்று தென்பட்டது. அது மின்னவேயில்லை. நிழல் விழுந்தபோதும் அவ்வாறே இருந்தது. எத்துணை விசிறியும் அசையாது கிடந்தது. சாமணத்தால் எடுக்க எம் நடுங்கும் கைகளுக்கு இயலவில்லை. பெரியவர் குப்பியைப் பிதுக்கி, உறிஞ்சி எடுத்துக் கொடுத்தார்.

கரையேறிச் சிமிழில் இட்டுப் பார்த்தால், நீருக்குள் கண்டதைவிடச் சிறியதாக இருந்தது. முகக்கண்ணாடி வழியே நீருக்குள் காணும் பொருள் மூன்றிலொரு பங்கு பெரிதாகத் தோன்றும் என்பது இயற்பியல் உண்மை. “காற்றுப் பட்டதும் சுருங்கும் உலோகம் இது ஒன்றே” என்று பெரியவர் நகைத்தார். குன்றிமணியின் கால் பங்கும் தேறாது. நாள் முழுதும் குளிரில் கிடந்தும் பல நாள்களில் ஒன்றும் கிட்டாமல் திரும்புவதுண்டு என்றும், வண்டியின் எரிபொருட் செலவுக்கே அது போதாது என்றும் அவர் கூறினார். பின் எதற்காக வருகிறீர்கள் என்று வினவினோம். ஆற்றின் அடியை அறிந்த பிறகு அதனை மேலிருந்து மட்டும் பார்த்துக்கொண்டிருக்கத் தம்மால் இயலவில்லை என்றார்.

அதன்பின் அவர் எம்மை நோக்கி, “உங்கள் நாட்டில் இவ்வாறு நீருக்குள் தேடுவோர் உளரா?” என்று கேட்டார். யாமும் சற்றே பெருமிதத்துடன், எம் பாட்டனார் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர் என்றோம்.

பெரியவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டார். எவ்வளவு ஆழத்தில் குளித்தார்? முகக்கண்ணாடியின்றி எவ்வாறு கண்டார்? மூச்சை எத்துணை நேரம் அடக்கினார்? எந்தச் சிப்பியை எடுக்கலாம், எதனை விடலாம் என்று எதனால் அறிந்தார்? ஒரு நாளைக்கு எத்தனை முறை மூழ்குவார்? சுறாவுக்கு என்ன செய்வார்? முதன்முதலில் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? மாணவன் ஆசானைக் கேட்பதுபோல் அவர் அடுக்கடுக்காகக் கேட்டார்.

அவ்வினாக்களுள் ஒன்றற்கேனும் எம்மால் விடை கூற முடியவில்லை.

முத்து என்ற சொல் சங்கப் பாடல்களில் எங்கெங்கு வருகிறதென யாம் கூறியிருக்கக்கூடும். இலக்கியம் முத்தை எவற்றிற்கெல்லாம் உவமையாக்கியது என்று பட்டியலிட்டிருக்கக்கூடும். அவை யாவும் எம் ஆய்வேட்டில் உள. அப்பா மூச்சடக்கிய நேரம் மட்டும் அதில் இல்லை. மைத்துனர் எம் முகத்தைப் பார்த்துவிட்டு, “நேரமாச்சு மச்சான், போவோமா?” என்று எழுந்தார். புறப்படுகையில் அச்சிமிழைத் திருப்பிக் கொடுத்தோம். அவரது உரிமைப் பகுதியில் கிடைத்தது அவர்க்கே உரியது. அவரோ அதனை எம் கையில் வைத்து மூடி, விடைகளை அறிந்ததும் எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் எம் உள்ளத்தில் ஒரே காட்சி நின்றது. 2002ஆம் ஆண்டு. ஆய்வேட்டை முடிக்கும் அவசரத்தில் வீட்டின் முன்னறையில் குறிப்பட்டைகளைப் பரப்பிவைத்து எழுதிக்கொண்டிருந்தோம். திண்ணையில் அமர்ந்திருந்த அப்பா சாளரம் வழியே எட்டிப்பார்த்து, “என்ன வாப்பா எழுதுறிய?” என்றார். காது கேளாதவரிடம் உரக்கக் கத்த வேண்டியிருந்ததால், “முத்து! முத்தப் பத்தி!” என்று ஒரு சொல்லில் முடித்தோம். “முத்தா?” என்று கேட்டு அவர் சிரித்தார். சிரித்தவர் உடனே திரும்பிவிடவில்லை. சாளரக் கம்பியைப் பிடித்தவாறு சற்று நேரம் நின்றார். யாம் தலை நிமிரவில்லை. பின்னர் மெல்லப் போய்த் திண்ணையில் அமர்ந்தார். இரண்டாண்டுகளில் காலமானார். அன்று அவர் ஏன் நின்றார் என்பது இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஓர் அந்நியர் கேட்ட கேள்விகளால் எமக்கு விளங்கியது. யாம் கேட்போம் என்று அவர் காத்து நின்றிருக்கிறார்.

ஊர் திரும்பியதும் வாப்பாவிடம் கேட்டோம். அவர் பிறந்தது 1956இல். தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துச் சலாபங்கள் 1955இல் தொடங்கி 1961இல் முடிந்துவிட்டன. அதன்பின் சலாபமே நடைபெறவில்லை. எனவே அவரும் கண்டவரல்லர். “ஒங்க பாட்டியாட தம்பி இருக்காரே, அவர்தானே கயிறு புடிச்சவர்” என்றார் வாப்பா. குளிப்பவனின் உயிர் மேலே கயிறு பிடிப்பவன் கையில் இருப்பதால், மனைவியின் உடன்பிறந்தானையே அவ்விடத்தில் நிறுத்துவது எம் கரையோர வழக்கம். தமக்கையைக் கைம்பெண்ணாக்க எந்தத் தம்பிக்கும் மனம் வராதன்றோ! அம்முறைப்படி பார்த்தால் யூபா ஓடையில் குளித்திருக்க வேண்டியவர் மைத்துனர். கரையில் நின்றிருக்க வேண்டியவர் யாம்.

எண்பத்து நான்கு வயதான அம்மாமாவின் திண்ணையில் போய் அமர்ந்தோம். முதலில் ஐயுற்று நோக்கினார். பின்னர் கடல் திறந்ததுபோல் திறந்தார். பத்துப் பாகம் ஆழம், துளையிட்ட கல்லில் கால் வைத்து இறங்குவது, இடுப்பில் வலைப்பை, பை நிறைந்ததும் கயிற்றை ஒரு சுண்டு, எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்க்கு. அப்பங்கையும் திறந்து பாராமல் கரையிலேயே விற்றுவிடுவார்களாம். உள்ளே முத்து இருந்ததா என்பது எடுத்தவனுக்கே தெரியாது. ஓடையில் கண்ட பொன்னையாவது யாம் கண்ணாரக் கண்டோம். செவியைக் கொடுத்து அப்பா எடுத்த சிப்பிகளுள் எதில் முத்திருந்தது என்று அவர் கண்டாரில்லை.

கண்ணாடியின்றி எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டோம். “கண்ணால பாதி, கையால பாதி வாப்பா” என்றார் மாமா. எம் இருபதாண்டு ஆய்வில் இப்படியொரு வரியை யாம் எழுதியதில்லை.

எழுந்தபோது அவர், “அந்தக் கல்லு இன்னும் ஒங்க வீட்டுல கெடக்குதா?” என்று கேட்டார். எந்தக் கல் என்றோம். கிணற்றடியில் இன்றும் கிடக்கிறது அது. நடுவில் துளையுள்ள கனத்த கல். சிறுவயதில் அதன்மேல் குதிகாலைத் தேய்த்துக் கழுவினோம். உம்மா அதன்மேல் துணி வைத்துக் கசக்கினார். அத்துளை எதற்கென்று எவரும் கேட்டதில்லை. அது அப்பாவைக் கடலடிக்குக் கொண்டுசென்ற குளிகல்.

மாணவச் செல்வங்களே! ஏட்டுக்கல்வி இழிந்ததென்று யாம் கூறவரவில்லை. ஏடில்லையேல் கொற்கை முத்தை நாம் அறிந்திரோம். ஆனால் ஏடு ஆற்றின் மேற்பரப்பு. அதன் அடியில், வெடிப்புகளில், நம் வீட்டு முதியோரின் கைகளில் தங்கியிருப்பது வேறு. அது மின்னாது. கனமுடையதாதலின் நகராமல் கிடக்கும். குனிந்து, மூச்சை அடக்கி, கலங்கல் தெளியும் வரை பொறுத்திருப்பவர்க்கே அது புலப்படும். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. ஆற்றடிப் பொன் நூறாண்டாயினும் காத்திருக்கும். திண்ணையில் அமர்ந்திருப்பவர் காத்திரார்.

இவ்வாண்டு முதல் முதலாமாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடம் அவர் செய்த தொழில் பற்றிப் பத்து வினாக்கள் கேட்டு எழுதிவர வேண்டுமெனப் பணித்துள்ளோம். ஓலைப்பெட்டி முடைந்த பாட்டியைப் பற்றியும், பாய் நெய்த பாட்டனாரைப் பற்றியும், பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெரியன்னையைப் பற்றியும் ஏடுகள் வந்து சேர்ந்துள்ளன. எம் ஆய்வேட்டில் இல்லாத சொற்கள் அவற்றில் உள.

கலிபோர்னியப் பெரியவர் கேட்டவை ஏழு வினாக்கள். மூன்றற்கு விடை கிடைத்து எழுதி அனுப்பிவிட்டோம். நான்கு எஞ்சியுள்ளன. இம்மலர் உங்கள் கைக்கு வரும் வேளையில் யாம் மாமாவின் திண்ணையில் அமர்ந்திருப்போம், இன்ஷா அல்லாஹ்.